வெளிப்பக்கக் கொண்டி

போன மாதம் ஒரு புது அங்கன்வாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சுவரெல்லாம் யானை, மயில், ரயில் வண்டி. எடை மெஷின் தானாக எண் காட்டுகிறது. வருகையைப் போனில் ஏற்றுகிறார்கள். எல்லாவற்றையும் 'பரவாயில்லையே' என்று பார்த்துக்கொண்டே வந்தவள் குழந்தைகளின் கழிப்பறை முன்னால் வந்ததும் நின்றுவிட்டேன். பாதிக் கதவுதான் போட்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வெளியே நிற்பவர் முகம் தெரியும். தாழ்ப்பாள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. தள்ளினால் திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது.

"என்ன டீச்சர், டாய்லெட்டப் போயி இம்புட்டு நேரம் பாக்குறீங்க?" என்று சிரித்தார்கள்.

அவர்களுக்கு என்ன தெரியும்? நான் அந்தக் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்வீசில் மறக்க முடியாததை எழுதிக் கொடுங்கள், குரூப்பில் போடுகிறோம் என்று ரொம்ப நாளாக அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டை, சத்துமாவு, ரிஜிஸ்டர் என்று ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு பிள்ளை ஆய் போன கதை. மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கிறவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கொடுத்த பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவும் இல்லை. எடை போடுவது, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது, தடுப்பூசிக் கணக்கு, நாலு பாட்டு, ரெண்டு ஆட்டம். ஒரு பிள்ளை எப்படித் தானாகக் கழிப்பறைக்குப் போகப் பழகுகிறது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் நான் முதலில் வேலை பார்த்த மையத்தில் கழிப்பறையே கிடையாது. வாய்க்கால் ஓரமாக வரிசையாக உட்கார வைப்போம். அப்புறம் மதுரைக்கு மாற்றலாகி, வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டி ஒரு காலனியில் இருந்த மையத்துக்கு வந்தேன். கடைசிப் பதினாறு வருஷம் அங்கேதான்.

அங்கே கழிப்பறை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கென்று சின்னதாகப் பதித்த பீங்கான், கால் வைக்க ரெண்டு மேடு, பக்கத்தில் வாளியும் குவளையும். அதற்குப் பக்கத்தில் நின்றுதான் நான் பிள்ளைகளைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஒருத்தன் தண்ணீர் ஊற்றியதும் 'என் ஆயி எங்க டீச்சர் போகுது?' என்று அழுதான். ஒருத்தி தினமும் திரும்பிப் பார்த்து 'டாட்டா' சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பெரியவர்களுக்கு இது சிரிப்பு. தன் உடம்பிலிருந்து ஒன்று பிரிந்து குழிக்குள் போய் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வயதில் எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அப்போதெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். இத்தனைக்கும் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே மாதத்தில் பழகிவிடுவார்கள். யார் அவர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மையத்தில் நாங்கள் ரெண்டு பேர். நான் டீச்சர். சமையலுக்கும் பிள்ளைகளைக் கழுவிவிடவும் பேச்சியம்மாள். என்னைவிட நாலு வயது மூத்தவர் என்பதால் பேச்சிக்கா. காலையில் கழிப்பறையைப் பினாயில் ஊற்றித் தேய்த்துவிட்டு வெளிப்பக்கம் கொண்டியைப் போட்டுவிடுவார். கொண்டி போடாவிட்டால் நாய் புகுந்துவிடும், இல்லையென்றால் தெருவில் போகிற எவனாவது புகுந்துவிடுவான். அதனால் கொண்டி போடுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஒரு பிள்ளை கேட்டால் திறப்போம், கழுவிவிட்டதும் போடுவோம். அந்தக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தால் என் கை தானாகப் போகும்.

இனி எங்கள் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்து மையங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். பெயர் வேண்டாம், மேடம் என்றே எழுதுகிறேன். ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். பிள்ளைகள் மிரளக் கூடாது என்பார். எங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். செருப்பை ஜோடியாகச் சேர்த்து வெளியே விடுவார். டீ குடிக்க மாட்டார். பாயில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரிஜிஸ்டரில் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிப்பார். அப்புறம் தலை எண்ணுவார். அப்புறம் எடை, ஸ்டோர், சமையல். சாம்பாரை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்பார். கடைசியில் கழிப்பறை. இந்த வரிசை ஒரு நாளும் மாறாது. நல்லவர், நியாயமானவர். ஒரே ஒரு விஷயம், அவருக்குச் சத்தம் ஆகாது.

"சத்தம் இருந்தா எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகுது" என்பார் மெல்லிய குரலில்.

அதற்காக வட்டாரத்தில் எல்லா மையத்திலும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தோம். மேடம் வந்தால் வாயில் விரல். யார் என்ன கேட்டாலும் விரலை எடுக்கக் கூடாது, மேடம் 'வணக்கம் குழந்தைகளே' என்று சொன்ன பிறகுதான் பேசலாம். என் மையத்துப் பிள்ளைகள் இதில் கெட்டி. பதினெட்டுப் பேரும் விரல் வைத்து உட்கார்ந்தால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்தப் பதினெட்டில் ஒருத்தி ஹரிணி. மூன்றே முக்கால் வயது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம். அப்பா கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பத்மா வீட்டிலேயே சுங்குடிச் சேலைக்கு, சாயம் முக்குவதற்கு முன்னால் நூலால் முடிச்சுப் போடுகிறார். ஹரிணிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசத்தான் கொஞ்சம் கூச்சம். சொன்னதை அப்படியே கேட்கிற பிள்ளை. அதுதான் வினையாகப் போயிற்று.

மேடம் கிளம்பிவிட்டால் பக்கத்து மையத்திலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் வரும். அன்றைக்கும் வந்தது. பேச்சிக்கா கூடத்தைக் கூட்டினார். நான் ரிஜிஸ்டரை எடுத்து வைத்துவிட்டு, பின்பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நடை போனேன். கழிப்பறைக் கதவு ஒருக்களித்திருந்தது, முன்னால் போன பிள்ளையைக் கழுவிவிட்ட அவசரத்தில் கொண்டி போட மறந்திருக்கிறோம். கை போயிற்று. கொண்டியைப் போட்டேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து கையைத் தட்டி, "மேடம் வாராங்க, எல்லாரும் வாயில வெரல்!" என்று உரக்கச் சொன்னேன். அந்தக் குரல் பின்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

மேடம் வந்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். எண்ணினார்.

"பதினெட்டுன்னு போட்டிருக்கீங்க. பதினேழுதான இருக்கு?"

"இப்பத்தான் மேடம் ஒரு பிள்ளைய அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க" என்றேன்.

இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், தலை குறைந்தால் வாய் தானாக இதைச் சொல்லும். உண்மையிலேயே அப்படி எத்தனையோ நாள் நடந்திருக்கிறது. யார் குறைகிறது என்று ஒரு நொடி நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எடை பார்த்தார், ஸ்டோர் பார்த்தார், சாம்பாரை ருசி பார்த்தார். கழிப்பறைப் பக்கம் திரும்பும்போது ஆபீசிலிருந்து போன் வந்தது. "அடுத்த தடவ பாத்துக்கிறேன்" என்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். வரிசை முதன்முதலாக மாறிய நாள் அது.

கொஞ்ச நேரம் கழித்துப் பின்பக்கம் போன பேச்சிக்கா, "ஆத்தாடி!" என்று கத்தினார்.

ஹரிணி சுவரை ஒட்டிக் குந்தியிருந்தாள். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது, மேலே காற்றுக்காக விட்ட, வெளிச்சம் இறங்காத நாலு ஓட்டைதான். முக்கால் மணி நேரம் இருக்கும். முகமெல்லாம் வேர்வை. கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. விரல் வாயில் இருந்தது. அதை எடுக்கச் சொல்ல யாரும் வராததால் அவள் எடுக்கவே இல்லை.

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் தங்கம், சத்தமே போடலயா? குட் கேர்ள்" என்று முத்தம் கொடுத்தேன். ஒரு முட்டை அதிகம் கொடுத்தேன். சாயங்காலம் பத்மா கூட்டிப்போக வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சிக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து ஹரிணி ஆய் போகவில்லை. மையத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. கழிப்பறைக் கதவைப் பார்த்தாலே உடம்பு விறைத்துவிடும். அரிசி டின்னுக்குப் பின்னால் போய்க் காலைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க நிற்பாள். முக்குகிறாள் என்று முதலில் நினைத்தோம். அவள் அடக்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் புரிந்தது. மூன்றே முக்கால் வயதுப் பிள்ளை தன் உடம்போடு இப்படி மல்லுக்கட்ட முடியும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பத்மா வந்தார். பிள்ளைக்கு வயிறு கல் மாதிரி இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன் என்றார். இளக்குவதற்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ரெண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

"பிள்ள எதுக்கோ பயந்திருக்கு, என்னன்னு பாருங்கன்னு சொல்றாரு. இங்க ஏதும் நடந்துச்சா டீச்சர்?"

"இங்கயா? ஒண்ணுமில்லயே பத்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் திரும்பினேன். ஹரிணி பாயில் உட்கார்ந்திருந்தாள். மேடம் வரவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் மெதுவாகத் தன் விரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு நான் எப்படிப் பாடம் நடத்தினேன், என்ன பாட்டுப் பாடினேன் என்று நினைவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. மையம் முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். பத்மா வாசலில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து அவர் வீட்டுக்காரரும் வந்திருந்தார்.

"பத்மா, காலைல நான் பொய் சொல்லிட்டேன்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். கொண்டி போட்டதை, எண்ணிக்கையில் பொய் சொன்னதை, முட்டை கொடுத்ததை. பத்மாவின் விரலில் சுற்றியிருந்த நூல் அப்படியே நின்றது.

"ஹரிணி அன்னைக்கே வந்து சொன்னா டீச்சர்" என்றார். "நான் இருட்டுல சத்தமே போடல, டீச்சர் என்னைய குட் கேர்ள்னு சொன்னாங்கன்னு எங்க பாசைல சொன்னா. ஏதோ வெளாட்டாக்கும்னு நானும் சிரிச்சேன்."

அவள் அப்பா சிரிக்கவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ள அஞ்சு நாளு கெடந்து துடிச்சிருக்குமா? மறைக்கணும்னு எப்படிங்க மனசு வந்துச்சு?" என்றார். "இனி அங்க அனுப்ப மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே மேடத்துக்குப் போன் போட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் பதினேழுன்னு சொன்னப்போ எந்தப் பிள்ளையோட அம்மா வந்ததா நெனச்சுச் சொன்னீங்க?"

"யாரையும் நெனைக்கல மேடம்."

மறுநாள் வந்தார். நேராகக் கழிப்பறைக்குப் போனார். கதவைத் திறந்து, மூடி, உள்ளே நின்று, வெளியே வந்தார். பாயில் உட்கார்ந்து பார்வைப் புத்தகத்தில் எழுதினார். என் பொய்யை எழுதினார், என்னிடம் விளக்கம் கேட்டிருப்பதாக எழுதினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னும் ரெண்டு வரி எழுதிப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். 'அன்று நான் கழிப்பறையைப் பார்க்காமல் சென்றேன். வாயில் விரல் வைக்கும் பழக்கம் என் விருப்பத்துக்காக ஏற்பட்டது. இனி எந்த மையத்திலும் கூடாது.' தன் தப்பைத் தானே எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போட்ட அதிகாரியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஹரிணி திரும்ப வந்தது பத்மாவால்தான். "இங்க பயந்தது, இங்கதான் தெளியணும்" என்று வீட்டுக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். முடிச்சுப் போடும் சேலையையும் எடுத்துக்கொண்டு தினமும் பிள்ளையோடு வந்து கூடத்து மூலையில் உட்கார்ந்துகொள்வார். மருந்து குடித்தும் அவள் அடக்கினாள். மருந்தின் வேகத்தில் ஜட்டியில் கொஞ்சம் கசியும், அதற்கே கூனிக் குறுகிப் போவாள். டாக்டர் வற்புறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் 'வா, உட்காரு' என்று யாரும் சொல்லவில்லை. ரெண்டு வாரத்தில் ஒரு வாரம் இப்படியே போயிற்று.

ஒரு நாள் அவள் ஒரு பிளாஸ்டிக் யானையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் சுவரோரமாக நின்று பார்த்தேன். யானையைக் கழிப்பறைக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஓடி வந்து ஒளிந்துகொண்டாள். உடனே ஓடிப் போய்த் திறந்து எடுத்தாள். மறுநாள் யானையோடு கரடி. அதற்கு மறுநாள் பொம்மைக் கூடை முழுவதும். அவளுக்கு யாரும் இந்த விளையாட்டைச் சொல்லித் தரவில்லை. தனக்கு நடந்ததைத் தானே கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் என்று எனக்கு மெல்லப் பட்டது. நான் மூச்சுக் காட்டவில்லை.

நாலாம் நாள் பொம்மை எதையும் எடுக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அத்தனை நாளில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல். பின்பக்கம் கூட்டிப் போய்க் கழிப்பறையைக் காட்டினாள்.

"உள்ள போங்க டீச்சர்."

போனேன். கொண்டி அவளுக்கு எட்டாது. சமையலறை முக்காலியை அவளே இழுத்து வரும் சத்தம் கேட்டது. பேச்சிக்கா பதறிப்போய், "ஏய், டீச்சரப் போயி..." என்று வந்தார். "அக்கா, வேணாம். அவளாத் தொறக்கட்டும், நீங்க சமையக்கட்டுக்குப் போங்க" என்றேன். ஹரிணி கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வாயில வெரல் வைங்க."

வைத்தேன். கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்தது.

அந்த அறையைப் பல வருஷமாக எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். கதவைச் சாத்திய பிறகு அது எப்படி இருக்கும் என்று தெரியாது. பினாயில் நெடி தொண்டையில் ஏறியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. அவர்கள் எல்லாரும் வெளிச்சத்தில் இருக்கிறார்கள், நான் இங்கே இருப்பது யாருக்கும் ஞாபகமில்லை என்று தோன்றியது. இத்தனைக்கும் ஐம்பத்தைந்து வயதுக் கழுதை நான். வெளியே ஒரு பிள்ளை நிற்கிறது, ஒரு குரல் கொடுத்தால் பேச்சிக்கா ஓடி வருவார் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அப்படி எதுவும் தெரிந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் உள்ளே இருக்க வைத்தாலும் இருக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு, சுவரை ஒட்டி உட்கார்ந்தேன்.

ரெண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

"டீச்சர்?"

விரலை எடுக்கச் சொல்லவில்லையே. நான் பேசவில்லை.

"டீச்சர்!"

முக்காலி ஆடும் சத்தம். கொண்டியை இழுக்கிறாள். அது போடுவதற்கு லேசு, எடுப்பதற்குக் கொஞ்சம் தூக்கி இழுக்க வேண்டும். கதவை முட்டினாள், அடித்தாள். அப்புறம் கத்தினாளே பாருங்கள். அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு பெரிய குரல் எங்கே இருந்ததோ. தமிழிலும் அவர்கள் வீட்டு மொழியிலும் மாற்றி மாற்றிக் கத்தினாள்.

"டீச்சர் உள்ள இருக்காங்க! தொறங்க! டீச்சர் இருட்டுல இருக்காங்க! யாராச்சும் வாங்க!"

தனக்காக அவள் இப்படி ஒரு வார்த்தை கத்தவில்லை. முக்கால் மணி நேரம் அழுத பிள்ளை, சத்தமே போடாமல் அழுத பிள்ளை, என்னை ரெண்டு நிமிஷம்கூட அங்கே விட்டுவைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமி சந்நிதியில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

பத்மா ஓடி வந்தார், பேச்சிக்கா ஓடி வந்தார், அவள் கத்துவதைக் கேட்டுப் பதினேழு பிள்ளைகளும் வந்து 'தொறங்க, தொறங்க' என்று ஊரைக் கூட்டினார்கள். கதவு திறந்ததும் ஹரிணி என் மேல் வந்து விழுந்தாள். என் வாயிலிருந்து விரலைத் தன் கையால் பிடித்து எடுத்தாள்.

"பயந்துட்டீங்களா டீச்சர்?"

"ஆமாடா. ரொம்பப் பயந்துட்டேன்."

"கத்தணும் டீச்சர்" என்றாள். "கத்துனாத்தான வருவாங்க."

அன்று சாயங்காலம் அவள் அப்பா கம்பெனியிலிருந்து நேராக ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். என்னிடம் பேசவில்லை. கொண்டியைக் கழற்றி, ஸ்க்ரூ நாலையும் மகள் உள்ளங்கையில் வைத்தார். நாய் வந்தால் என்ன செய்வது என்று பேச்சிக்கா முணுமுணுத்தார். விரட்டிக்கொள்வோம் என்றேன். வாசலைத் தாண்டும்போது, "நாளைக்கும் அனுப்புறோம் டீச்சர்" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். மன்னித்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்தது. அன்றைக்குக் காலையில் தெருமுனையிலேயே ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் மேடம் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த அதிசயமும் அப்போதுதான் நடந்தது. பாயில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்து ரிஜிஸ்டரைப் படிக்கத் தொடங்கினார். பழைய பழக்கம் லேசில் போகுமா, பிள்ளைகள் கப்சிப் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

நடுக்கூடத்தில் ஹரிணி எழுந்து நின்றாள். காலைப் பின்னிக்கொண்டிருந்தாள், முகம் சிவந்திருந்தது. நுனிக்காலில் எக்கி ஒரு நொடி நின்றாள். பத்மாவின் கையில் முடிச்சு நின்றுவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் கெட்டுவிடுமோ என்று பயம். அவள் குதிகாலைத் தரையில் ஊன்றினாள்.

"டீச்சர்! எனக்கு ஆயி வருது!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மேடம் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு முதல் ஆளாக எழுந்து வழி விட்டார். "ஓடும்மா, ஓடு!" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதும் அன்றுதான்.

கதவை அவள் சாத்தவிடவில்லை. பாதி திறந்து வைத்தாள். நானும் மேடமும் வெளியே தரையில் உட்கார்ந்தோம், அவள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தள்ளி, குரல் கேட்கிற அளவுக்குக் கிட்டே.

"டீச்சர் இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"மேடம் இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

வலித்திருக்க வேண்டும், ஒரு முனகல் வந்தது. பத்மா எழுந்து வரப் பார்த்தார், மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடியும் உள்ளே இருந்து குரல். இருக்கீங்களா? இருக்கோம். இருக்கீங்களா? இருக்கோம். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு குவளை வாளியில் முங்கும் சத்தமும், தண்ணீர் ஊற்றும் சத்தமும், "பேச்சிம்மா, முடிஞ்சிருச்சு, கழுவி விடுங்க!" என்று ஒரு கத்தலும் கேட்டன.

முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். நல்ல டீச்சர் என்று பலபேர் சொல்லியிருக்கிறார்கள், சான்றிதழ்கூட ஒன்று இருக்கிறது. நான் இருட்டில் பூட்டிய பிள்ளை, நான் வெளியே இருக்கிறேனா என்று கேட்டது. இருக்கிறேன் என்று நான் சொன்னதை அது நம்பியது. அதற்கு மேல் இந்த வேலையில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.